லாக் கர் கோட்டைக்கு நீங்கள் சூட்டிய பேய்க்கதையைத் திரும்பப் பெறுங்கள்: ஒரு தமிழ்ப் பயணக் காணொளிக் குழுவுக்குத் திறந்த மடல்

காணொளிக் குழுவினருக்கு,

அயர்லாந்தின் லிமரிக் கவுன்டியில் உள்ள லாக் கர் ஏரிக்கரைக் கோட்டையைப் பற்றி நீங்கள் வெளியிட்ட காணொளியில் வரும் கதை இந்த ஊர்க் கதையே இல்லை, திருத்துங்கள் என்று எழுதிக் கேட்டிருந்தேன். “அக்கா, இது சும்மா பொழுதுபோக்குக்குத்தான். தமிழ்ல பார்க்கிறவங்க யாரு போய் செக் பண்ணப் போறாங்க?” என்று பதில் அனுப்பினீர்கள். திருத்தப் போவதில்லை என்றும் சொல்லிவிட்டீர்கள். தனியாகக் கேட்டது போதவில்லை என்பதால், இனி எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

செக் பண்ண நாங்கள் இருக்கிறோம். பிரஃப் ஊருக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். என் பிள்ளைகள் இங்கேதான் பள்ளிக்கூடம் போகிறார்கள். அந்த ஏரியைச் சுற்றி நடப்பது எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை வழக்கம். நான் பார்த்துக்கொள்ளும் பெரியவர்களில் பலர் அந்த ஏரியைச் சுற்றியே பிறந்து வளர்ந்தவர்கள்.

உங்கள் காணொளி என்ன சொல்கிறது? அந்தக் கோட்டையில் ஒரு ராணி இருந்தாளாம். குழந்தைகளைப் பிடித்து ஏரியில் பலி கொடுத்தாளாம். ஊரார் அவள் தலையை வெட்டிவிட்டார்களாம். முழுநிலவு இரவில் தலையில்லாமல் சுவரோரம் நடக்கிறாளாம். பக்கத்தில் உள்ள கிரேஞ்ச் கல் வட்டம் அவள் பலி கொடுத்தவர்களின் சமாதியாம். அவளுடைய புதையல் இன்னும் தண்ணீருக்கு அடியில் கிடக்கிறதாம். இவ்வளவையும் “உள்ளூர் மக்கள் சொல்கிறார்கள்” என்று தொடங்கிச் சொல்கிறீர்கள். என்னால் பொறுக்க முடியாதது அந்த மூன்று சொற்கள்தான்.

எந்த உள்ளூர் மக்கள்? நான் வேலை செய்யும் இடத்தில் கேட்டேன். ஏரிக்கரையில் மாடு வளர்க்கிறவர்களைக் கேட்டேன். கற்கால வீடுகளின் வடிவத்திலேயே கட்டியிருக்கும் மரபு மையத்திலும் கேட்டேன். அப்படி ஒரு ராணியை யாருக்கும் தெரியவில்லை. தெரியாததோடு, கேட்டவர்கள் முகம் சுருங்கியது. தங்கள் ஏரியில் குழந்தைகளைக் கொன்றார்கள் என்று தங்கள் பெயரிலேயே யாரோ சொல்லிவிட்டுப் போனால் யாருக்குத்தான் வலிக்காது?

கல் வட்டத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 113 கற்கள் நிற்கும் அந்த வட்டம் அயர்லாந்திலேயே பெரியது. 4,000 ஆண்டுகளுக்கும் மேல் பழையது. 1939இல் ஷான் ஓ ரியர்டான் என்ற தொல்லியலாளர் அங்கே அகழ்ந்தபோது மண்பாண்ட உடைசல்கள் ஏராளமாகக் கிடைத்தன. கோட்டைகளோ மத்திய காலத்திலும் அதற்குப் பிறகும் எழுந்தவை. கோட்டையில் வாழ்ந்த ராணி பலி கொடுத்தவர்களுக்கு, அவளுக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே சமாதி எழுப்பியிருக்க முடியாது. கோட்டையும் ஒன்றல்ல, இரண்டு. நாக்கடூன் குன்றை ஏரி குதிரை லாட வடிவில் வளைத்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வாய்க்கால் வெட்டி நீர்மட்டத்தைக் குறைக்கும்வரை அந்தக் குன்று கிட்டத்தட்ட ஒரு தீவு. அதற்குள் நுழையும் இரண்டு வழிகளில் வழிக்கொரு காவல்: ஒரு பக்கம் இடிந்து செடி மண்டிக் கிடக்கும் கறுப்புக் கோட்டை, மறுபக்கம் உயரமான பௌச்சியர் கோட்டை. நீங்கள் ஒன்றின் படத்தைக் காட்டி இன்னொன்றின் பெயரைச் சொல்லியிருக்கிறீர்கள்.

அப்புறம் கதை. லாக் கரில் கதைக்குப் பஞ்சமே இல்லை என்பதுதான் எனக்கு அதிக வருத்தம்.

இந்தப் பகுதியை ஆண்ட டெஸ்மண்ட் பிரபுக்களில் ஒருவர், மாரிஸ் என்று பெயர், ஏரிக்கரையில் நடந்து போகிறார். நீரோரத்தில் ஆன்யா உட்கார்ந்து தலை வாருகிறாள். மனிதப் பெண் இல்லை அவள். பக்கத்தில் தெரியும் நாக்கேனி குன்று அவளுடையது, பெயரும் அவளால் வந்தது. அவர் ஓசைப்படாமல் போய் அவளுடைய மேலங்கியை எடுத்துக்கொள்கிறார். அங்கி போனதால் அவள் அவர் வசமாகிறாள். பிறக்கப்போகும் மகனை அவரிடமே கொண்டுவந்து கொடுப்பதாகச் சொல்லி ஒரு நிபந்தனை விதிக்கிறாள்: அவன் எதைச் செய்தாலும் நீ ஆச்சரியப்படக் கூடாது. அந்த மகன்தான் கெரோட். வளர்ந்து பெரியவனான பிறகு கோட்டையில் ஒரு விருந்து. ஒரு பெண் எழுந்து விருந்தாளிகளையும் மேசைகளையும் தாண்டிக் குதிக்கிறாள். உன்னால் இப்படி முடியுமா என்று அப்பா மகனைக் கேட்கிறார். கெரோட் எழுந்து மேசைமேல் இருந்த ஒரு புட்டிக்குள் குதித்து வெளியே வருகிறான். அப்பா வாய்விட்டு வியந்துவிடுகிறார். அவ்வளவுதான். “சொல்லியிருந்தார்களே, இனி நான் இருக்க முடியாது” என்று மகன் கிளம்பி நீருக்குள் இறங்குகிறான், வாத்தாக மாறி ஏரியில் உள்ள தீவை நோக்கி நீந்திப் போகிறான். அந்தத் தீவுக்கு இன்றும் அவன் பெயர்தான்.

ஒரு புட்டி, ஓர் அப்பா, அடக்க முடியாமல் வந்த ஒரு வியப்பு. இதில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. இதை என் மகளுக்கு முதலில் சொன்னபோது, பாவம் அந்த அப்பா, ஆச்சரியப்படாமல் எப்படி இருக்க முடியும் என்று கேட்டாள். இதை விட்டுவிட்டுத் தலையில்லாத ராணியைத் தேடிப் போனது ஏன் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

கெரோட் சாகவில்லை, ஏரிக்கு அடியில் இருக்கிறார் என்பது அடுத்த கதை. ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை வெள்ளைக் குதிரையில் வெளியே வந்து நீர்மேல் ஏரியைச் சுற்றி வருவார். குதிரைக்கு வெள்ளி லாடம். அந்த லாடம் தேய்ந்து தீரும் நாளில் அவர் மேலே வந்து தன் நாட்டை மீட்பார். எங்கள் இல்லத்தில் ஒரு பெரியவர் இருந்தார், லாடம் அடிப்பவரின் மகன். கடைசிக் காலத்தில் அவருக்கு நினைவு தடுமாறிவிட்டது. சொந்த மகளின் பெயர்கூடப் பல நாள் வராது. ஆனால் லாடத்தைப் பற்றிக் கேட்டால் போதும், கட்டை விரல் நகத்தை ஆள்காட்டி விரலின் ஓரத்தில் வைத்து அழுத்தி, “இவ்வளவு கனம்தான் மிச்சம்” என்று காட்டுவார். அவருடைய அப்பா பட்டறையில் அப்படித்தான் காட்டுவாராம். இரும்பு லாடமே எத்தனை வாரத்தில் தேயும் என்று தெரிந்தவர், வெள்ளி எவ்வளவு மெத்தென்றது என்றெல்லாம் விளக்குவார். “உள்ளூர் மக்கள் சொல்கிறார்கள்” என்றால் இவர் சொன்னதைத்தான் நான் சொல்வேன்.

இன்னும் இருக்கிறது. ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏரி வற்றும், அடியில் பச்சைத் துணி போர்த்திய ஒரு மரம் தெரியும், அதன் கீழே ஒரு கிழவி உட்கார்ந்து பின்னிக்கொண்டிருப்பாள். குதிரையில் வந்த ஒருவன் அந்தத் துணியைப் பறித்துக்கொண்டு ஓடினான். கிழவி தண்ணீரைக் கூவி எழுப்பினாள். அலை விரட்டி வந்தது. கரையேறும் நேரத்தில் குதிரையின் பாதி உடலையும் துணியையும் அலை கொண்டு போய்விட்டது. கொஞ்சம் தள்ளி, ஏரியின் வீட்டம்மாவுடைய இருக்கை என்று ஒரு கல். அதில் உட்கார்ந்து அவள் பொன் சீப்பால் தலை வாருவாள். அந்தச் சீப்பை ஒரு மாடு மேய்ப்பவன் எடுத்துப் போனான். அவனுடைய மாடுகள் ஒவ்வொன்றாகச் செத்தன, அவனும் படுத்துவிட்டான். சாகும் தறுவாயில் சீப்பைத் திரும்ப ஏரியில் போடச் சொன்னான். நாக்ஃபென்னல் குன்றில் ஆன்யாவின் தம்பி, ஒரு குள்ளன், யாழ் வாசிப்பான். அவன் வாசித்தால் அழுகை வரும், சிரிப்பு வரும், தூக்கம் வரும்.

மேலங்கி, துணி, சீப்பு. மூன்றும் கேட்காமல் எடுக்கப்பட்டவை. எடுத்தவர்களுக்கு எதுவுமே தங்கவில்லை. நீங்களோ இந்த ஏரியின் பெயரில், அடியில் புதையல் இருக்கிறது, தைரியம் இருந்தால் வந்து தேடுங்கள் என்று பார்ப்பவர்களை அழைத்திருக்கிறீர்கள். நீர்மட்டம் குறைந்தபோது இங்கே பழம்பொருள்கள் வெளிப்பட்டது உண்மை. லாக் கரில் கிடைத்த வெண்கலக் கேடயம் டப்ளின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதனாலேயே இது விளையாட்டில்லை. பழைய சின்னங்கள் உள்ள இடத்தில் அனுமதி இல்லாமல் உலோகம் கண்டறியும் கருவியோடு தேடுவது 1987 முதல் இந்த நாட்டில் குற்றம். உங்கள் பேச்சைக் கேட்டு யாராவது ஒரு தமிழ்ப் பையன் கருவி வாங்கிக்கொண்டு கிளம்பினால், போலீஸ் வாசலில் நிற்கப் போவது அவன்தான்.

தலை வெட்டப்பட்டவர் ஒருவர் இந்த வரலாற்றில் உண்டு. ராணி இல்லை. டெஸ்மண்ட் குடும்பம் இங்கிலாந்து அரசை எதிர்த்து இரண்டு முறை கிளர்ந்தது. இரண்டாவது கிளர்ச்சியில் அயர்லாந்தின் தென்பகுதியான மன்ஸ்டர் முழுவதும் பயிர் எரிந்து, கொடிய பஞ்சம் வந்து, மக்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். 1583 நவம்பரில் அந்த எதிர்ப்பை நடத்திய டெஸ்மண்ட் பிரபு ஜெரல்டை கெர்ரி மலைப்பகுதியில் பிடித்துக் கொன்றார்கள். தலையை லண்டனுக்கு அனுப்பினார்கள். நிலத்தைப் பிடுங்கி இங்கிலாந்திலிருந்து வந்தவர்களுக்குப் பங்கிட்டார்கள். லாக் கர் சர் ஜார்ஜ் பௌச்சியர் கைக்குப் போனது. அந்தக் கோட்டைக்கு அவர் பெயர் நின்றுவிட்டது.

கதையில் வரும் கெரோட் இவர் இல்லை. இவருக்கு ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்கு முந்தியவர், 1398இல் மறைந்த மூன்றாவது டெஸ்மண்ட் பிரபு. இங்கிலாந்திலிருந்து படையெடுத்து வந்த நார்மன் வம்சத்தில் பிறந்தும் ஐரிஷ் மொழியில் பாடல் எழுதியவர். அந்தப் பாடல்கள் ஃபெர்மாய் சுவடியில் இன்றும் இருக்கின்றன. ஆனால் தங்கள் பிரபுவின் தலை போய், நிலமும் போய், மொழியும் கைநழுவிக்கொண்டிருந்த ஒரு சனம், “அவர் சாகவில்லை, லாடம் தேய்ந்துகொண்டிருக்கிறது” என்று சொல்லிக்கொண்டிருந்தது என்றால், அந்தக் கதை அவர்களுக்கு என்னவாக இருந்திருக்கும்? நான் அதைப் பொழுதுபோக்கு என்று நினைக்கவில்லை. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் குழந்தைகளைக் கொன்ற ஒருத்தியை வைத்துவிட்டீர்கள். அவளைக் கொன்ற பழியையும் ஊரார் மேல் போட்டுவிட்டீர்கள்.

இந்த நாடு தன் கதைகளை எப்படிக் காப்பாற்றி வைத்திருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். 1937 முதல் 1939 வரை, 26 கவுன்டிகளில் சுமார் 5,000 பள்ளிகளின் பிள்ளைகள், ஏறக்குறைய 50,000 பேர், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வந்து நோட்டுப் புத்தகத்தில் எழுதினார்கள். கோட்டை, கிணறு, பேய், புதையல், மருந்து, விளையாட்டு, எல்லாம். யாரிடம் கேட்டது, அவருக்கு எந்த ஊர் என்பதைக்கூடப் பல பிள்ளைகள் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கங்கள் இன்று இணையத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. அந்தப் பணியை நடத்திய நாட்டார் வழக்காற்று ஆணையத்தின் தொகுப்பு 2017இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. பதினொன்று முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகள் எடுத்துக்கொண்ட அக்கறையைத்தான் உங்களிடமும் கேட்கிறேன். பேய்க்கதை வேண்டுமென்றால் அதிலேயே நிறைய இருக்கிறது. இட்டுக்கட்ட வேண்டிய அவசியமே இல்லை.

நாட்டார் கதை மாறிக்கொண்டே இருப்பதுதானே, நாங்களும் கொஞ்சம் மாற்றிச் சொன்னால் என்ன என்று உங்கள் பதிலில் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். மாறும். வெள்ளி லாடக் கதை கில்டேர் கவுன்டியில் முல்லாமாஸ்டிலும் வழங்குகிறது. அங்கே குதிரைக்காரர் கில்டேர் பிரபு. லாடம் பூனைக் காது கனத்துக்குத் தேய்ந்ததும் அவர் எழுந்து வருவார் என்பார்கள். அங்கிருந்து இங்கே வந்ததோ, இங்கிருந்து அங்கே போனதோ. ஆனால் அப்படி மாற்றியவர்கள் கதையோடு வாழ்ந்தவர்கள். தப்பாகச் சொன்னால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் “அப்படி இல்லை” என்று மறித்திருப்பார். உங்கள் கதையை மறிக்க அங்கே யாரும் இல்லை, ஏனென்றால் யாரைப் பற்றிச் சொல்கிறீர்களோ அவர்களுக்குத் தமிழ் தெரியாது. அது தெரிந்துதான் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் பதிலே அதற்குச் சாட்சி. உங்களுக்குச் சொந்தமாக ஒரு பேய்க்கதை எழுத ஆசை இருந்தால் தாராளமாக எழுதுங்கள், கற்பனைக் கோட்டை ஒன்றைக் கட்டி அதில் நடத்துங்கள். நானே பார்ப்பேன்.

இதன் விளைவு வெறும் காணொளியோடு நிற்கவில்லை. உங்கள் படத்தில் ஒருவர் மேய்ச்சல் நிலத்து வேலியைத் தாண்டுகிறார், இன்னொருவர் இடிந்த சுவரில் ஏறி நிற்கிறார். அவர் காலடியில் ஒரு கல் பெயர்ந்து உருள்வது தெளிவாகத் தெரிகிறது. அதையே எடுத்துப் பின்னணி இசை போட்டுப் பேயின் வேலை என்று காட்டியிருக்கிறீர்கள். சுண்ணாம்புக் காரை உதிர்ந்து, ஒரு கல்லை இன்னொரு கல்லின் எடைதான் தாங்கி நிற்கிறது அந்தச் சுவரில். உருண்ட கல்லைத் திரும்பப் பழைய இடத்தில் வைக்க முடியாது. அதற்குப் பிறகு வேறு சில தமிழ்ப் பையன்கள் இரவில் அதே இடத்துக்கு டார்ச்சும் கேமராவுமாக வந்து கூச்சல் போட்டார்கள். கன்றோடு இருந்த மாடுகள் மிரண்டு ஓடின. அந்த நிலத்துக்காரர் எங்களை எப்போதும் கையசைத்து வழிவிடுகிறவர். அடுத்த முறை போனபோது வண்டியை நிறுத்தி, நீங்களும் வீடியோ எடுக்க வந்தவர்களா என்று என்னிடம் கேட்டார். அவர் கோபப்படவில்லை. ஆனாலும் என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை.

என் மகனுக்கு நடந்தது இன்னும் மோசம். வகுப்பில் ஊர்க் கதை சொல்லும் நேரத்தில், காணொளியில் பார்த்த நண்பன் சொன்னதை நம்பி, பலி கொடுத்த ராணியைப் பற்றி எழுந்து சொல்லியிருக்கிறான். பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். டீச்சர் நல்ல மாதிரி, அதட்டவில்லை, எங்கே கேட்டாய் என்று மட்டும் கேட்டிருக்கிறார். இங்கே பிறந்து, இந்த ஏரியைத் தன் ஏரியாக நினைக்கிற பையன் அவன். வீட்டுக்கு வந்து, நம்ம ஆளுங்க ஏன் இப்படிச் சொன்னாங்க என்று கேட்டான். அந்தக் கேள்வியை உங்களிடமே கொடுக்கிறேன்.

அக்டோபர் கடைசியில் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை வருகிறது. ஹாலோவீன் சமயத்தில் பேய்க் காணொளிகள் மறுபடி சுற்றுக்கு வரும், தமிழ்க் குடும்பங்கள் கூட்டமாக ஊர் சுற்றக் கிளம்பும். அதற்குள் இவற்றைச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அந்தக் காணொளியை நீக்குங்கள். நீக்க மனமில்லை என்றால், ராணி கதை உங்கள் கற்பனை, ஊரார் யாரும் சொல்லவில்லை என்பதைக் காணொளியின் தொடக்கத்திலேயே பேசியும் எழுதியும் தெரிவியுங்கள். கீழே விளக்கக் குறிப்பில் ஒளித்து வைப்பது போதாது. புதையல் தேட அழைக்கும் பகுதியையும், வேலி தாண்டும், சுவர் ஏறும் காட்சிகளையும் எப்படியானாலும் வெட்டி எடுங்கள். நிலத்துக்காரரிடம் மன்னிப்புக் கேளுங்கள். ஆங்கிலத்தில் கடிதம் எழுதிக் கொடுத்தால் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

கெரோட், ஆன்யா, பச்சைத் துணி, பொன் சீப்பு, இந்தக் கதைகளை வைத்துப் புதிதாக ஒரு காணொளி எடுங்கள். மரபு மையத்தில் முன்கூட்டியே பேசுங்கள், பொதுப் பாதையிலிருந்து படம் பிடியுங்கள், தனியார் நிலத்துக்குள் போக வேண்டுமென்றால் உரியவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். கதை சொல்லச் சம்மதிக்கும் பெரியவர்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டார் ஒப்புக்கொண்டால் உட்கார்ந்து கேட்க ஏற்பாடு செய்கிறேன், மொழிபெயர்க்கவும் கூட இருக்கிறேன்.

இனி எந்த நாட்டு ஊரைப் பற்றி எடுத்தாலும், “உள்ளூர் மக்கள் சொல்கிறார்கள்” என்று சொல்லும் முன் அந்த ஊரில் ஒருவரிடமாவது கேளுங்கள். யாரிடம் கேட்டீர்கள் என்பதைக் காணொளியிலேயே சொல்லுங்கள்.

உங்கள் பதிலை எனக்குத் தனியாக அனுப்ப வேண்டாம். காணொளியைப் பார்த்தவர்கள் எல்லோரும் பார்க்கும் இடத்திலேயே எழுதுங்கள்.

இப்படிக்கு,
லிமரிக் கவுன்டியில் வசிக்கும் ஒரு செவிலியர்